பசும்புல் அக்கிரகாரம்

மன்னன் இல்லை, மணிமுடி இல்லை, பிரபு இல்லை, பிரபுவின் பிள்ளைக்குப் பிறப்பால் வரும் பட்டமும் இல்லை! இப்படி உலகறிய முரசறைந்த நாடு அமெரிக்கா. மனிதர் அனைவரும் சமம் என்றது 1776 ஆம் ஆண்டின் விடுதலைப் பிரகடனம். குடியரசு எவருக்கும் பிரபுப் பட்டம் வழங்கலாகாது என்று தடுத்தது 1787 இல் வரையப்பட்ட அரசியல் சட்டம். அந்தச் சமத்துவ முழக்கம் எழுந்த நாளிலேயே அடிமைச் சந்தையும் நடந்தது என்பதை நாம் மறந்துவிடவில்லை. அந்தத் தளையும் 1865 இல் சட்டப்படி அறுந்தது. பட்டமும் இல்லை, அடிமையும் இல்லை என்றான பிறகு, அந்நாட்டுச் சீமான்கள் தம்மை மற்றவரிடமிருந்து பிரித்துக் காட்டிக்கொள்ள என்ன செய்தனர்?

கோட்டை கட்டவில்லை; அகழி வெட்டவில்லை. புல் வளர்த்தனர்! புல்லைச் சுற்றி வேலி போட்டனர். வேலிக்கு ஒரு வாயில் வைத்து, அந்த வாயிலில் ஒரு குழுவை உட்கார வைத்தனர். 'கன்ட்ரி கிளப்' என்று அதற்குப் பெயர் சூட்டினர். ஊர்ப்புறத்து மனமகிழ் மன்றம் என்று பொருள். மனம் மகிழ்ந்தது யாருக்கு, மனம் புண்பட்டது யாருக்கு என்பதே அதன் வரலாறு. சட்டம் பறித்த மேன்மையை மனிதன் எந்தப் புறக்கடை வழியாக மீட்டுக்கொள்கிறான் என்பதை அறிய விரும்பும் இளைஞர்கள், அந்த வரலாற்றை அறிந்தே ஆகவேண்டும்.

பாஸ்டன் 'பிராமணர்கள்'

மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பாஸ்டன் நகரை அடுத்து ப்ரூக்லைன் என்றோர் ஊர். அங்கே 1882 ஆம் ஆண்டு ஒரு மன்றம் தோன்றிற்று. 'தி கன்ட்ரி கிளப்' என்பதே அதன் பெயர். ஊர்ப் பெயரோ வேறு அடைமொழியோ அதற்குத் தேவைப்படவில்லை. முதலில் குதிரையோட்டமும் விருந்தும் நடந்தன. 1893 இல் கோல்ஃப் வந்தது. பிறகு நாடெங்கும் அதே மாதிரியில் மன்றங்கள் முளைத்தன. ஒன்றின் பெயர் ஓர் இனத்துக்கே பொதுப்பெயராயிற்று.

தொடங்கியவர்கள் யார்? பாஸ்டனின் பழங்குடும்பத்துச் செல்வர்கள். அந்த வட்டத்தாருக்கு வழங்கிவந்த பெயரைக் கேட்டால் நம் தோழர்கள் திடுக்கிடுவர். சிலர் வாய்விட்டுச் சிரிக்கவும் கூடும். 'பாஸ்டன் பிராமணர்கள்' என்பதே அப்பெயர்! நாம் சூட்டியதல்ல. ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் என்னும் மருத்துவர், எழுத்தாளர், 1860 ஆம் ஆண்டு 'அட்லாண்டிக் மன்த்லி' என்ற ஏட்டில் எழுதிய தொடர்கதையில், நியூ இங்கிலாந்தின் 'பிராமணச் சாதி' என்று அந்தக் குடும்பங்களைக் குறித்தார். ஏசுவதற்காக அல்ல, பெருமை பொங்கவே குறித்தார். அவரும் அந்த வட்டத்துக்காரரே.

கல்வி, தலைமுறை தலைமுறையாகச் சில குடும்பங்களின் இரத்தத்தில் ஓடுகிறது என்ற எண்ணத்தைச் சொல்ல ஆங்கில மொழியில் அவருக்குச் சொல் அகப்படவில்லை போலும்! கடல் பல கடந்து நம் நாட்டிலிருந்து கடன் வாங்கினார். மிளகு போயிற்று, முத்து போயிற்று, மஸ்லின் போயிற்று என்று நம் வாணிபப் பெருமையைப் பேசுகிறோமே, அந்தப் பட்டியலில் இந்தச் சரக்கையும் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

கருப்பு உருண்டை

இத்தகைய மன்றத்தில் சேருவது எப்படி? கை நிறையப் பணம் இருந்தால் போதாது. விண்ணப்பம் எழுதி வரிசையில் நின்றாலும் போதாது. உள்ளே இருக்கும் ஒருவர் முன்மொழிய வேண்டும். உள்ளே இருக்கும் இன்னொருவர் வழிமொழிய வேண்டும். மேலும் சிலர் நற்சான்று எழுத வேண்டும். பிறகு குழு கூடும். பழைய வழக்கப்படி ஒரு பெட்டி வைக்கப்படும். ஏற்பவர் வெள்ளை உருண்டை போடுவார். ஏற்காதவர் கருப்பு உருண்டை போடுவார். ஒன்றோ இரண்டோ கருப்பு உருண்டை விழுந்துவிட்டால் கதவு மூடிக்கொள்ளும். போட்டவர் யார்? தெரியாது. எதற்காகப் போட்டார்? சொல்ல வேண்டியதில்லை. நம் நாட்டுத் தீண்டாமைக்காவது சாத்திரம், சுருதி, முற்பிறவி என்று ஏதோ ஒரு பொய்யைக் காரணமாகக் காட்டினர். அங்கே பொய் சொல்லும் சிரமம் கூட இல்லை.

நாட்டுப்புற மன்றங்களுக்கு இந்தப் பெட்டியைக் கொடுத்தவை நகரத்துப் பழைய மன்றங்கள். அவற்றுள் ஒன்று நியூயார்க் நகரின் யூனியன் லீக் கிளப். உள்நாட்டுப் போரின்போது, 1863 இல், லிங்கனின் ஆட்சிக்குத் துணை நிற்கவென்றே தோன்றிய மன்றம் அது. அதன் துணைத் தலைவர்களுள் ஒருவராக விளங்கினார் ஜெஸ்ஸி செலிக்மன் என்ற வங்கியாளர். போர்க்காலத்தில் அரசின் கடன் பத்திரங்களை விற்க உதவிய குடும்பம் அவருடையது. பிறப்பால் யூதர். 1893 இல் அவருடைய மகன் தியோடோர் செலிக்மனின் பெயர் உறுப்பினர் பதவிக்கு வந்தது. படித்தவர், வழக்கறிஞர், செல்வர் மகன், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆயினும் பெட்டியில் விழுந்தன கருப்பு உருண்டைகள்! குற்றம் என்ன? யூதராகப் பிறந்ததே குற்றம்.

தந்தை துணைத் தலைவர், மகன் தீண்டத்தகாதவர்! பழைய நாளில் யூதரைச் சேர்த்தனரே என்றால், ஆம், சேர்த்தனர். நாட்டுக்குப் பணம் தேவைப்பட்ட நாளில் சேர்த்தனர். தேவை தீர்ந்ததும் பெட்டி பேசத் தொடங்கிற்று. ஜெஸ்ஸி செலிக்மன் மன்றத்தைவிட்டு விலகினார். அடுத்த ஆண்டு மறைந்தார்.

ஏணியின் அடுத்த படி

அடிபட்டவனுக்கு அடியின் வலி தெரியும். ஆகவே அவன் பிறரை அடிக்கமாட்டான் என்று நாம் எண்ணுகிறோம். எண்ணுவது இயல்பு; வரலாறு அதை ஏற்பதில்லை. கதவடைக்கப்பட்ட ஜெர்மானிய யூதச் செல்வர்கள் தமக்கென மன்றங்கள் அமைத்துக்கொண்டனர். அதுவரை சரி. பின்னர், ரஷ்யாவிலும் போலந்திலும் கொடுமைக்கு அஞ்சி ஓடிவந்த ஏழை யூதர்கள் சில காலத்தில் தலைநிமிர்ந்து, கையில் நாலு காசு சேர்த்துக்கொண்டு அந்த வாயிலில் வந்து நின்றபோது, என்ன நடந்தது? ஒரே வேதம், ஒரே மதம், ஒரே துன்பம். ஆயினும் அங்கும் கதவு மூடியிருந்தது!

சாதி என்பது வெறும் மேல் கீழ் அன்று, படிப்படியாக அடுக்கப்பட்ட ஏற்றத்தாழ்வு என்று அண்ணல் அம்பேத்கர் விளக்கினார். மேலே இருப்பவன் மிதிப்பது வலிக்கிறது. கீழே மிதிப்பதற்கு ஒருவன் இருப்பது இனிக்கிறது. அந்த இனிப்புக்காகவே அந்த வலியைப் பொறுத்துக்கொள்கிறான். சாதி இல்லாத நாட்டிலும், நூல் தரிக்காத மார்பிலும், இதே மனப்பான்மை குடியிருந்ததைக் காண்கிறோம். மன்றத்தின் மதிப்பு உள்ளே இருக்கும் புல்லிலோ கூடத்திலோ இல்லை. வெளியே நிற்போரின் எண்ணிக்கையில் இருக்கிறது. யாரும் வரலாம் என்று அறிவித்துப் பாருங்கள். மறுநாளே அந்தச் சீமான் வேறு வேலி தேடிப் புறப்பட்டுவிடுவார்!

புல்லை வெட்டியவர்கள்

உள்ளே விடாதவர்களை உள்ளே விடாமலேயே இருந்தார்களா? அதுதான் இல்லை. லாங் தீவில் 1891 இல் தோன்றியது ஷின்னிகாக் ஹில்ஸ் கோல்ஃப் கிளப். ஷின்னிகாக் என்பது அந்த மண்ணின் பழங்குடி மக்களின் பெயர். மண் அவர்கள் முன்னோருடையது. புதர் வெட்டி, மேடு திருத்தி, ஆடுகளம் அமைத்த கைகள் அவர்களுடையவை. வாயிற்பலகைக்கு அவர்கள் பெயர் வேண்டியிருந்தது. களத்துக்கு அவர்கள் உழைப்பு வேண்டியிருந்தது. உறுப்பினர் பட்டியலுக்கு மட்டும் அவர்கள் வேண்டியிருக்கவில்லை.

அதே களத்தில் 1896 இல் அமெரிக்க ஓபன் போட்டி நடந்தது. ஜான் ஷிப்பன் என்ற கருப்பின இளைஞரும், ஆஸ்கர் பன் என்ற ஷின்னிகாக் இளைஞரும் ஆட வந்தனர். இவர்களோடு ஆடமாட்டோம் என்று மற்ற ஆட்டக்காரர்கள் மிரட்டினர். கோல்ஃப் சங்கத் தலைவர் ஹேவ்மேயர் அசையவில்லை. நீங்கள் போனால் அந்த இருவரை மட்டும் வைத்துப் போட்டியை நடத்துவோம் என்றார். மிரட்டல் பிசுபிசுத்தது, எல்லோரும் ஆடினர். ஒரு மனிதர் நிமிர்ந்து நின்றால் போதும், கொள்கை வெறி போல் தோன்றியது வெறும் கோழைத்தனம் என்று விளங்கிவிடுகிறது!

காலம் செல்லச் செல்லச் சமத்துவம் தானாகவே வளரும் என்று சோம்பேறிகள் சொல்வதுண்டு. அவர்கள் இதைக் கவனிக்கட்டும். 1896 இல் ஆட முடிந்தது. 1934 இலோ, தொழில்முறை கோல்ஃப் ஆட்டக்காரர் சங்கம், வெள்ளை இனத்தவர் மட்டுமே உறுப்பினராகலாம் என்று தன் விதியில் எழுதியே வைத்தது. அந்த விதி நீங்க 1961 வரை போராட வேண்டியிருந்தது. ஷிப்பன் என்ன ஆனார்? நியூ ஜெர்சி மாநிலத்தில் 1921 இல் கருப்பின மக்களே அமைத்துக்கொண்ட 'ஷேடி ரெஸ்ட்' மன்றத்தில் ஆட்டம் கற்பித்தும் களத்தைப் பராமரித்தும் பல்லாண்டு வாழ்ந்தார்.

இருபதாம் நூற்றாண்டு நந்தன்

நந்தனார் கதையை நாம் அறிவோம். தில்லை வாயில் வரை வந்தவரைத் தீயில் மூழ்கச் செய்து, அதன் பிறகே உள்ளே விட்டனர் என்று புராணம் பெருமையோடு பேசுகிறது. அத்தகைய தீக்குளிப்பு ஒன்று 1959 இல் நியூயார்க் நகரில் நடந்தது.

ரால்ஃப் பன்ச் கருப்பினத்தில் பிறந்த அறிஞர். ஐக்கிய நாடுகள் சபையில் உயர்ந்த பொறுப்பு வகித்தவர். 1949 இல் இஸ்ரேலுக்கும் அரபு நாடுகளுக்கும் இடையே போர்நிறுத்த உடன்பாடுகளை உருவாக்கி, 1950 இல் நோபல் அமைதிப் பரிசு பெற்றவர். அவருடைய மகன் டென்னிஸ் பயின்றுகொண்டிருந்தான். ஃபாரஸ்ட் ஹில்ஸில் உள்ள வெஸ்ட் சைடு டென்னிஸ் கிளப்பில் மகனைச் சேர்க்கலாமா என்று கேட்டார் தந்தை. மன்றத்தின் தலைவர் மறைக்காமல் சொன்னார்: கருப்பரையும் யூதரையும் நாங்கள் சேர்ப்பதில்லை என்று.

எந்த மன்றம் இது? அமெரிக்க டென்னிஸ் பட்டப் போட்டி நடந்துவந்த மன்றம். 1957 இலும் 1958 இலும் ஆல்தியா கிப்சன் என்ற கருப்பினப் பெண்மணி வெற்றிக் கோப்பையை ஏந்தி நின்றது இதே களத்தில்தான்! ஆடலாம், வெல்லலாம், கூட்டத்தை ஈர்க்கலாம், வசூலைப் பெருக்கலாம். உறுப்பினராகக் கேட்டால் மட்டும் தோலின் நிறம் நினைவுக்கு வருகிறது. தேவதாசி ஆடாமல் திருவிழா நடக்காது. ஆனால் அவளுக்குச் சமூகத்தில் மதிப்பான இடம் கிடையாது என்றிருந்த நம் நாட்டு வழக்கத்துக்கும் இதற்கும் எவ்வளவு தூரம்?

செய்தி ஏடுகளில் வெடித்தது. நாடு கொதித்தது. மன்றத் தலைவர் பதவி விலகினார். மன்றம் மன்னிப்புக் கேட்டு, பன்ச்சையும் மகனையும் வரவேற்பதாக அறிவித்தது. மற்றொருவராக இருந்தால் மாலையைக் கழுத்தில் வாங்கிக்கொண்டு மகிழ்ந்திருப்பார். பன்ச் மறுத்தார்! இந்த அழைப்பு இனச் சமத்துவத்தை ஏற்றுக்கொண்டு வந்ததல்ல, என் ஒருவனுடைய புகழுக்காகச் செய்யப்பட்ட விலக்கு என்றார். மிசிசிப்பியில் உள்ள கடைக்கோடிக் கருப்பனுக்கு இழிவு நீங்காதவரை, எந்தக் கருப்பனுக்கும் இழிவு நீங்கியதாகாது என்பது அவர் எடுத்துரைத்த கருத்து.

தீக்குளித்து உள்ளே போன நந்தனுக்குப் பிறகும், தில்லைக் கோயிலின் கதவு அவர் இனத்தாருக்குப் பல நூற்றாண்டுகள் திறக்கவில்லை. ஒருவனுக்காகத் திறக்கும் கதவு, மற்ற இலட்சம் பேருக்கு எதிராக மேலும் இறுக்கமாக மூடிக்கொள்ளும் என்பதை அறிந்திருந்தார் பன்ச். அந்த மறுப்பு, அந்த நோபல் பரிசுக்கு நிகரான புகழ் என்போம் நாம்.

'தனியார்' என்னும் கேடயம்

நீதிமன்றம் என்ன செய்தது? சட்டம் என்ன செய்தது? நகராட்சியின் பொதுக் கோல்ஃப் களத்தில் ஆட முயன்று விரட்டப்பட்ட ஹோம்ஸ் குடும்பத்தார், அட்லாண்டா நகரத்தின் மீது வழக்குத் தொடுத்து, 1955 இல் தலைமை நீதிமன்றத்தில் வென்றனர். பொதுக் களம் திறந்தது. உடனே பலர் பொதுக் களத்தையே வெறுத்தனர்! அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாம் நகராட்சியோ, கருப்பரோடு பகிர்ந்துகொள்வதைவிட மூடிவிடுவதே மேல் என்று, 1962 இல் பூங்காக்களையும் நீச்சற்குளங்களையும் கோல்ஃப் களங்களையும் பூட்டிவிட்டது. பொதுவிடம் சமத்துவமானதும், பணம் படைத்தோர் தனியார் வேலிக்குள் ஓடினர்.

1964 இல் வந்த குடியுரிமைச் சட்டம் விடுதி, உணவகம், திரையரங்கு எல்லாவற்றையும் திறந்தது. பொதுமக்களுக்குத் திறந்திராத தனியார் மன்றங்களுக்கு மட்டும் விலக்கு அளித்தது. அந்த விலக்கு எத்தனை வலிமை வாய்ந்த கேடயம் என்பதை 1972 ஆம் ஆண்டின் வழக்கொன்று காட்டிற்று. லிராய் இர்விஸ் பென்சில்வேனியா சட்டமன்றத்தில் உறுப்பினராக விளங்கிய கருப்பர். நண்பரின் விருந்தினராக ஹாரிஸ்பர்க் நகரிலுள்ள மூஸ் லாட்ஜ் என்ற மன்றத்துக்குச் சென்றார். உணவும் பானமும் தர மறுத்தனர். மது விற்க அரசின் உரிமம் பெற்ற இடம். அரசு கைகொடுக்கும் இடத்தில் நிறவெறி கூடுமா என்று வழக்காடினார். கூடும் என்று ஆகிவிட்டது! உரிமம் கொடுத்ததனாலேயே மன்றத்தின் செயல் அரசின் செயலாகிவிடாது என்று 6 நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். 3 நீதிபதிகள் மாறுபட்டனர். சட்டம் இயற்றும் அவைக்குள் உறுப்பினர். அந்தச் சட்டத்தின் உரிமம் பெற்ற கூடத்துக்குள் வேண்டாதவர்!

பணம் பேசியது

அதே பர்மிங்ஹாம் நகருக்கு அருகே ஷோல் க்ரீக் என்ற மன்றம். 1990 இல் அங்கே தொழில்முறை கோல்ஃப் சங்கத்தின் பெரும்போட்டி நடக்கவிருந்தது. பர்மிங்ஹாம் மேயரே கருப்பராக இருந்த காலம் அது. மன்றத்தை நிறுவியவர் செய்தி ஏட்டுக்கு அளித்த பேட்டியில், கருப்பரைச் சேர்ப்பது எங்கள் வழக்கமன்று என்ற கருத்தை ஒளிக்காமல் சொல்லிவிட்டார். குடியுரிமை இயக்கத்தினர் கிளர்ந்தெழுந்தனர். ஐபிஎம் முதலிய பெருநிறுவனங்கள் தொலைக்காட்சி விளம்பரங்களைத் திரும்பப் பெற்றன.

நூறாண்டுகளாக அறம் கதவைத் தட்டிற்று, கேட்கவில்லை. விளம்பரப் பணம் விலகிற்று. சில வாரங்களில் கேட்டுவிட்டது! போட்டிக்கு முன்பாகவே லூயி வில்லி என்ற கருப்பின வணிகர் ஒருவரைக் கௌரவ உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டனர். இனப் பாகுபாடு காட்டும் மன்றங்களில் போட்டி நடவாது என்று கோல்ஃப் அமைப்புகள் விதி செய்தன. ஜார்ஜியாவின் புகழ்பெற்ற அகஸ்டா நேஷனல் மன்றமும் அதே 1990 இல் தன் முதல் கருப்பின உறுப்பினரைச் சேர்த்தது. அங்கே 1982 வரை, மாஸ்டர்ஸ் போட்டியில் ஆட்டக்காரரின் பையைச் சுமந்தவர்கள் மன்றத்தின் கருப்பினப் பணியாளர்களே. பை சுமக்கும் தோளுக்கு நிறம் தடையாக இல்லை என்பதை நினைவிற் கொள்க!

பணம் பேசும் என்பதை மட்டும் நம்பியிருக்கவும் முடியாது. பெண்களைச் சேர்க்கக் கோரி இயக்கம் நடந்தபோது, விளம்பரதாரர் மீது நெருக்கடி வரும் என்று கண்ட அகஸ்டா மன்றம், 2003 இலும் 2004 இலும் விளம்பரமே இல்லாமல் போட்டியை ஒளிபரப்பியது. அத்தனை செல்வம்! அங்கே முதன்முதலாக 2 பெண்கள் உறுப்பினரானது 2012 இல். அவர்களுள் ஒருவர் நாட்டின் வெளியுறவு அமைச்சராக இருந்த காண்டலீசா ரைஸ். வெளியுறவை நடத்தத் தகுதி வந்து பல ஆண்டுகள் கழித்தே, புல்தரையில் நடக்கத் தகுதி வந்தது!

வழி காட்டியது நியூயார்க் நகரின் 1984 ஆம் ஆண்டுச் சட்டம். 400 பேருக்கு மேல் உறுப்பினர், முறையான உணவு வசதி, வாணிபத்தின் பொருட்டு வெளியாரிடமிருந்து வரும் வருமானம் ஆகிய மூன்றும் உள்ள மன்றம் உண்மையில் தனியார் மன்றமன்று, அங்கே பாகுபாடு கூடாது என்றது அச்சட்டம். 1988 இல் தலைமை நீதிமன்றம் அதை ஏற்றது. ஏன் இந்தச் சட்டம்? விருந்து மேசையில் வேலை வாய்ப்பு பேசப்படுகிறது. ஆட்டத்தின் நடுவே ஒப்பந்தம் முடிகிறது. கதவுக்கு வெளியே நிற்பவர் இழப்பது ஒரு கோப்பைத் தேநீரை அன்று. பிழைப்பை, முன்னேற்றத்தை, நாட்டின் முடிவுகளில் தமக்குரிய பங்கை.

நம் ஊர் வாயில்

இங்கும் வேலி இருந்தது. 1832 இல் தோன்றிய மதராஸ் கிளப்பில், வெள்ளையர் ஆட்சி முடியும்வரை இந்தியர் உறுப்பினராக முடியவில்லை. வெள்ளையர் போயினர், வாயிற்காப்பு போகவில்லை. 2014 ஜூலையில், சென்னையில் ஒரு மன்றத்தில் நடந்த நூல் வெளியீட்டு விழாவுக்கு வேட்டி கட்டி வந்த உயர்நீதிமன்ற நீதிபதியை வாயிலிலேயே தடுத்தனர். தமிழ்நாடு கொதித்தெழுந்தது. அதே ஆண்டு சட்டமன்றம் சட்டம் செய்து, வேட்டியைக் காரணம் காட்டித் தடுப்பதைக் குற்றமாக்கிற்று. தனியார் வாயிலிலும் மக்களின் சட்டம் நுழைய முடியும் என்பதற்கு அது சான்று. மகிழ்ந்தோம். ஆனால் ஒன்று கேட்கிறோம்: வேட்டி உள்ளே போயிற்று, வேட்டி கட்டி வயலில் உழுபவனின் மகன் உள்ளே போனானா? உடைக்கு நீதி கிடைத்தது, உடுத்தியவனுக்கு?

ஆகவே தோழர்களே, பெரிய வாயில் எதைக் கண்டாலும் மூன்று கேள்விகள் கேளுங்கள். வெளியே நிற்பவர் யார்? உள்ளே முடிவாவது என்ன? அந்த நிலத்துக்கும் உரிமத்துக்கும் பொதுமக்கள் கொடுத்த விலை எவ்வளவு? உள்ளே ஓர் இடம் கிடைத்தால் போதும் என்று ஏங்குவோர் அந்தக் கேள்விகளைக் கேட்கமாட்டார்கள். இடம் கிடைத்த மறுநாள் அவர்களே வாயிற்காப்போராகிவிடுவார்கள். ஊருக்கு ஒரு படிப்பகம், தெருப் பிள்ளைகள் அனைவருக்கும் ஓர் ஆடுகளம், சாதி கேட்காத சாப்பாட்டு மேசை. இவற்றைப் பெருக்குவதே வேலியை வெல்லும் வழி. உள்ளே வா என்று அழைத்தபோது பன்ச் கேட்ட கேள்வியை நாமும் கேட்போம்: எனக்குச் சரி, என் பின்னால் நிற்பவனுக்கு?